முழு வாசிப்பு

தமிழில் புத்தகத்தையும் வாசிக்கிறோம், வீணையையும் வாசிக்கிறோம். இரண்டுக்கும் ஒரே வினைச்சொல். ஆங்கிலத்திலும் பிரெஞ்சிலும் வாத்தியத்தோடு சேர்ந்து வரும் சொல் விளையாட்டுக்கு உரியது. நம் சொல்லில் அந்த உல்லாசம் இல்லை. வாசிப்பவனுக்கு வெளியே ஏற்கனவே ஒன்று இருக்கிறது, அதன் வழியே அவன் வரி வரியாகப் போய்வர வேண்டியிருக்கிறது என்ற பொருள் அதில் தங்கியிருக்கிறது. ஸ்காட் ராஸ் என்ற ஹார்ப்சிகார்ட் கலைஞரைப் பற்றி எழுத உட்கார்ந்தபோது இந்தச் சொல்தான் முதலில் கைக்கு வந்தது. 1984 ஜூன் 16 தொடங்கி 1985 செப்டம்பர் 10 வரை, ஏறத்தாழ 15 மாதங்களில், டொமெனிகோ ஸ்கார்லாட்டியின் 555 ஸொனாட்டாக்களையும் அவர் ஒலிப்பதிவுக்காக வாசித்து முடித்தார். அதற்குமுன் எவரும் தனியொருவராக அதைச் செய்ததில்லை. முடித்தபோது அவருக்கு வயது 34. 1989 ஜூன் 13-ல் தென் பிரான்சில் இறந்தபோது 38.

இதை ஒரு சாதனையாகப் பேசுவது எளிது. எண்ணிக்கை எப்போதும் மலைக்க வைக்கும். எனக்கு இது ஒரு விமர்சனச் செயலாகப் படுகிறது. ஏன் அப்படிப் படுகிறது என்று எனக்கே தெளிவுபடுத்திக்கொள்வதுதான் இங்கே நோக்கம்.

முதலில் வாத்தியம். ஹார்ப்சிகார்டைப் பியானோவின் தாத்தா என்று சொல்லும் வழக்கம் உண்டு. உறவுமுறை சரியில்லை. பியானோவில் கட்டையை அழுத்தினால் ஒரு சிறிய சுத்தி தந்தியைத் தாக்குகிறது. ஹார்ப்சிகார்டில் கட்டையின் மறுமுனையில் நிற்கும் ஒல்லியான மரச்சட்டம் ஒன்று மேலெழுகிறது. அதில் செருகியிருக்கும், பறவை இறகின் தண்டிலிருந்து சீவிய நகம் போன்ற துண்டு தந்தியைச் சுண்டிவிட்டுப் போகிறது. அந்த வகையில் பார்த்தால் இது வீணைப் பக்கத்து வாத்தியம். விரலுக்கும் தந்திக்கும் நடுவே ஓர் இயந்திரம் புகுந்துவிட்ட வீணை. புகுந்ததற்கான விலையும் பெரிது. தந்தியை இழுக்க முடியாது என்பதால் கமகம் இல்லை. கட்டையை ஓங்கி அழுத்தினாலும் மெல்லத் தொட்டாலும் எழும் ஒலியின் அளவு ஏறக்குறைய ஒன்றுதான். இன்னொரு வரிசைத் தந்திகளைச் சேர்த்தோ நீக்கியோ மொத்த நிறத்தை மாற்றலாம். ஒரு தனிச் சுரத்தை மட்டும் உரக்கச் சொல்ல முடியாது. நம் சங்கீதத்தில் ஊறிய காதுக்கு முதல் நாள் இது சில்லறை கொட்டுவதுபோலக் கேட்கும்.

கமகமும் இல்லை, ஏற்ற இறக்கமும் இல்லை என்றால் கலைஞன் கையில் மிஞ்சுவது என்ன? காலம் மட்டும்தான். ஒரு சுரம் எப்போது தொடங்குகிறது, எப்போது முடிகிறது. விரலை எடுத்ததும் ஒரு சிறு கம்பளித் துண்டு தந்தியின்மேல் விழுந்து ஒலியை நிறுத்திவிடுகிறது. ஆகவே முடிவும் வாசிப்பவன் வசம் இருக்கிறது. அழுத்தம் தரவேண்டிய சுரத்துக்கு முன்பு ஓர் இழை மௌனம் விட்டால், காது அந்தச் சுரத்தை உரத்ததாகக் கேட்கிறது. ஒன்றாக ஒலிக்கவேண்டிய மூன்று சுரங்களை மயிரிழை முன்பின்னாக உதிர்த்தால் அது கனிந்ததுபோலத் தோன்றுகிறது. ஒலி கூடவுமில்லை, குறையவுமில்லை. கேட்பவனின் கவனம்தான் கூடியிருக்கிறது. அச்சில் வரும் கவிதைக்கும் குரல் கிடையாது. வரியை எங்கே முறிப்பது, எங்கே அடுத்த வரிக்கு ஓடவிடுவது என்பது மட்டுமே அதன் கையில். ஹார்ப்சிகார்ட் வாசிப்பவனின் கலை முழுவதும் இந்த வரி முறிப்பில் அடங்கியிருக்கிறது. அதில் மிகை செய்தால் பாசாங்காகும். செய்யாமல் விட்டால் தையல் இயந்திரம்.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் பியானோ இந்த வாத்தியத்தைக் கச்சேரி மேடையிலிருந்து விரட்டிவிட்டது. இருபதாம் நூற்றாண்டில் அதைத் திரும்ப மேடையேற்றியவர்களில் முதன்மையானவர் வாண்டா லாண்டோவ்ஸ்கா. அவருக்காகப் ப்ளெயெல் கம்பெனி 1912-ல் செய்து கொடுத்த ஹார்ப்சிகார்ட், கால்மிதிகள் கொண்ட கனத்த வாத்தியம். பியானோவின் அரங்கில், பியானோ வைத்த சட்டங்களுக்கு உட்பட்டு, பியானோவோடு போட்டியிடச் செய்தது அது. லாண்டோவ்ஸ்கா இல்லாவிட்டால் பின்னால் வந்த யாரும் இல்லை. ஆனால் மாற்றானின் அளவுகோலில் வென்று காட்டுவது ஒருவகைத் தோல்விதான் என்பது அடுத்த தலைமுறைக்குப் புரிந்தது. 1949-ல் பாஸ்டனில் ஃப்ராங்க் ஹப்பர்டும் வில்லியம் டௌடும் பழைய வாத்தியங்களை அளந்து, அவற்றைப்போலவே மெல்லிய மரத்தில் செய்யத் தொடங்கினார்கள். ஆம்ஸ்டர்டாமில் குஸ்டாஃப் லியோன்ஹார்ட் அப்படிப்பட்ட வாத்தியங்களில் எப்படி வாசிப்பது என்பதைக் கண்டுபிடித்துக்கொண்டிருந்தார். வாத்தியத்தின் குறைகளை மறைப்பதை விட்டு, அந்தக் குறைகளுக்குள் என்ன இருந்தது என்று பார்க்கும் காலம் வந்தது. ராஸ் இந்தக் காலத்துப் பிள்ளை.

அவர் அமெரிக்கர். 1951 மார்ச் 1-ல் பிட்ஸ்பர்கில் பிறந்தவர். சிறுவயதில் பியானோவும் ஆர்கனும் கற்றார். தந்தை இறந்தபின் 1964-ல் தாயோடு பிரான்சுக்கு வந்தார். நீஸ் நகரத்து இசைக்கல்லூரியில் ஹார்ப்சிகார்ட் கைக்கு வந்தது; பிறகு பாரிஸ்; பிறகு ஆன்ட்வெர்ப்பில் கென்னத் கில்பர்ட்டிடம் பயிற்சி. 1971-ல் பெல்ஜியத்தின் ப்ரூஜ் நகரில் நடந்த சர்வதேசப் போட்டியில், முதல் பரிசை எளிதில் தந்துவிடாத நடுவர்களிடமிருந்து, 20 வயதில் முதல் பரிசு வாங்கினார்.

இதன்பின் ஓர் இளம் கலைஞனின் வாழ்க்கை எப்படிப் போகவேண்டும் என்பதற்கு எழுதாத விதிகள் உண்டு. தலைநகரங்கள், முகவர்கள், பெரிய அரங்குகள். ராஸ் கனடாவுக்குப் போய், 1973 முதல் க்யூபெக் நகரின் லாவல் பல்கலைக்கழகத்தில் ஆசிரியராக இருந்தார். புகைப்படங்களில் வட்டக் கண்ணாடியும் தோல் ஜாக்கெட்டுமாக, பரோக் இசைக்குச் சம்பந்தமில்லாதவர்போல நிற்கிறார். ஆர்க்கிட் செடிகளிலும் எரிமலைகளிலும் அவருக்குப் பித்து. இடையிடையே பிரான்ஸ் வந்து இசைத்தட்டுகளுக்கு வாசித்தார். என்ன வாசித்தார் என்பதுதான் முக்கியம். 1975-ல் ராமோ ஹார்ப்சிகார்டுக்கு எழுதியது முழுவதும். பிறகு 1977–78-ல் பிரான்ஸ்வா கூப்ரன் எழுதியது முழுவதும்: நான்கு புத்தகங்கள், 27 தொகுதிகள், 200-க்கும் மேற்பட்ட உருப்படிகள். அப்போது அவருக்கு முப்பது வயதுகூட ஆகவில்லை. ஆக, ஸ்கார்லாட்டி திடீரென்று வந்த வெறியல்ல. ஒருவரை எடுத்தால் முழுவதையும் எடுப்பது என்பது அவர் தொடக்கத்திலேயே கைக்கொண்ட முறை.

இன்று இந்த வாத்தியத்துக்கும் ஓர் ஏணி வந்துவிட்டது. அதே ப்ரூஜ் போட்டியில் 2012-ல் 21 வயதில் வென்ற ஷான் ரோந்தோ போன்றவர்களுக்கு உலகெங்கும் மேடை இருக்கிறது. அவர் வாசிப்பும் அதற்குத் தகுதியானதே. ராஸ் ஏறியது ஏணி அல்ல. அவர் செய்தது ஒரு நிலத்தை வரப்பிலிருந்து வரப்புவரை நடந்து பார்ப்பது.

அந்த நிலம் எத்தகையது என்றும் சொல்லவேண்டும். டொமெனிகோ ஸ்கார்லாட்டி 1685-ல் நேப்பிள்ஸில் பிறந்தவர். பாக்கும் ஹாண்டலும் பிறந்த அதே ஆண்டு. பெரும் புகழ் பெற்ற தந்தையின் மகன். லிஸ்பனில் போர்ச்சுகல் இளவரசி மரியா பார்பராவுக்கு இசை கற்பிக்கும் வேலையில் அமர்ந்தார். 1729-ல் அவள் ஸ்பெயின் இளவரசனை மணந்து போனபோது இவரும் கூடவே போனார், அவள் ராணியானாள், இவர் 1757-ல் மாட்ரிட்டில் இறக்கும்வரை அவளுடைய வாத்தியார். தம் கண்காணிப்பில் அச்சிட்டது 1738-ல் வந்த 30 ஸொனாட்டாக்கள் மட்டும். மற்றவை ராணிக்காகப் பிரதி எடுத்த ஏடுகளில் தங்கின. அவள் இறந்தபின் பாடகர் ஃபாரினெல்லி அவற்றை இத்தாலிக்குக் கொண்டுபோனார். 15 தொகுதிகள் இன்று வெனிஸ் நூலகத்தில் இருக்கின்றன. இன்னொரு படி பார்மாவில். ஸ்கார்லாட்டியின் கையெழுத்தில் ஒரு ஸொனாட்டாகூடக் கிடைக்கவில்லை. ஐந்நூற்றுக்கும் மேற்பட்ட படைப்புகளுக்கு ஏறத்தாழ ஒரே ஒரு வாசகி. சிறுபத்திரிகைக்காரர்களுக்கு இந்த விகிதம் அந்நியமாகத் தோன்றாது.

இப்படிப்பட்டவருக்குப் பின்னால் என்ன நடக்குமோ அது நடந்தது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அலெஸ்ஸாண்ட்ரோ லோங்கோ பெருந்தொகுப்பு ஒன்றைக் கொண்டுவந்தார். அரிய உழைப்பு. ஆனால் உராயும் சுரங்கள் வந்த இடங்களில் பிரதி எடுத்தவனின் பிழை என்றெண்ணித் திருத்தினார். எங்கே உரக்க, எங்கே மெல்ல என்று பியானோவுக்கான குறிகளைச் சேர்த்தார். கிதாரின் தந்திகளை மொத்தமாக வருடியதுபோல ஸ்கார்லாட்டி வேண்டுமென்றே மோதவிட்ட சுரக் கொத்துகள் நல்லொழுக்கம் பெற்றன. 1953-ல் ரால்ஃப் கர்க்பாட்ரிக், மாட்ரிட் டெலிபோன் டைரக்டரியில் பெயர் பார்த்து ஸ்கார்லாட்டியின் சந்ததியைத் தேடிப் போன அதே விடாப்பிடியோடு, ஏடுகளை ஒப்பிட்டு 555 என்று எண்ணிட்டார். ராஸின் ஆசிரியரான கில்பர்ட் 1971 முதல் 1984 வரை 11 தொகுதிகளாக அவற்றைத் திருத்தமாகப் பதிப்பித்தார். ஆசிரியர் பதிப்பித்து முடித்த ஆண்டில் மாணவர் வாசிக்கத் தொடங்கினார்.

அதுவரை உலகம் அறிந்த ஸ்கார்லாட்டி, பியானோக் கச்சேரியின் முதலில் கைகளைச் சூடேற்றவோ கடைசியில் கைதட்டல் வாங்கவோ பயன்பட்ட இருபது முப்பது உருப்படிகள். ஹோரோவிட்ஸ் போன்ற மேதைகள் அவற்றில் அற்புதங்கள் செய்திருக்கிறார்கள் என்பதை மறுப்பதற்கில்லை. என்றாலும் அந்த இருபது முப்பதைக் கொண்டு உருவான மனிதர் ஒருவர் இருக்கிறார்: துடுக்கானவர், வேடிக்கைக்காரர், கைகளைக் குறுக்காக மாற்றி வித்தை காட்டுபவர். தேர்வு தன் உருவத்திலேயே ஒரு கலைஞனைச் செய்துகொள்கிறது. பிறகு அந்தக் கலைஞனை ஆதாரமாக வைத்து அடுத்த தேர்வு நடக்கிறது.

பதிவு நடந்த இடங்களில் முக்கியமானது மோன்பெலியே நகருக்கு அருகே அசாஸ் என்ற கிராமத்து மாளிகை. அங்கே பதினெட்டாம் நூற்றாண்டு ஹார்ப்சிகார்ட் ஒன்று இருந்தது. ஸ்கார்லாட்டி பிறந்த 300-ஆம் ஆண்டுக்காக ஃப்ரான்ஸ் வானொலி எடுத்த முயற்சி. மொத்தம் 98 அமர்வுகள். சராசரியாக அமர்வுக்கு ஐந்து அல்லது ஆறு ஸொனாட்டாக்கள். 34 குறுந்தகடுகளாக வெளிவந்தது. நான் அவற்றைக் கர்க்பாட்ரிக் எண் வரிசையில், இரவுக்கு நாலோ ஐந்தோ என்று கேட்டேன். சில மாதங்கள் பிடித்தன.

ஏறக்குறைய எல்லாமே ஒரே உருவம்: இரண்டு பாதிகள், ஒவ்வொன்றும் இருமுறை. முதல் பாதி வேறொரு ஆதார சுரத்துக்குப் போய் நிற்கும். இரண்டாம் பாதி அலைந்து திரிந்து வீடு திரும்பும். நூறைத் தாண்டியபோது சலிப்பு வந்தது. இருநூறைத் தாண்டியபோது சலிப்புக்குப் பின்னால் இருப்பது கேட்கத் தொடங்கியது. இரண்டாம் பாதியின் தொடக்கத்தில்தான் இந்த மனிதர் வாழ்கிறார். அங்கேதான் தெரிந்த வழியை விட்டு இறங்கி, ஒரே சிறு சொற்றொடரை நாலு முறை, ஐந்து முறை, எரிச்சலூட்டும் அளவுக்குத் திருப்பித் திருப்பிச் சொல்லி, எதிர்பாராத ஒரு கதவைத் திறக்கிறார். தனியாக எடுத்த இருபதில் இது ஒரு விநோதம். 555-இல் இது ஒரு மனத்தின் இயல்பு. 208 போன்ற மெதுவான ஸொனாட்டாவில் ராஸ் கண்ணீருக்கு வசதி செய்து தருவதில்லை. இடது கை நிதானமாக நடக்க, வலது கை சற்றுப் பிந்தி, சற்று முந்தி, பேச்சைப்போல இழைகிறது. பலரும் தூக்கிப்பிடிக்கும் ஸொனாட்டாவையும் யாரும் தொடாததையும் அவர் ஒரே மரியாதையோடு அணுகுகிறார்.

இந்த ஒரே மரியாதை என்பதைப் பற்றி நண்பர் ஒருவரோடு விவாதம் வந்தது. கவிதை எழுதுபவர், கறாரான ரசனை உள்ளவர். "எல்லாவற்றையும் எடுத்துக்கொள்வது குமாஸ்தாவின் குணம். விமர்சகன் தேர்ந்தெடுக்க வேண்டும். உனக்கு இது பிடிப்பதில் ஆச்சரியமில்லை" என்றார். வங்கியில் நான் பார்க்கும் வேலையைத்தான் சொன்னார். அதில் உண்மை இருக்கிறது. நாள்முடிவில் கணக்கை நேர்செய்யும்போது சிறிய பதிவு, பெரிய பதிவு என்ற பேதம் கிடையாது. ஐந்து ரூபாய் இடித்தாலும் ஐந்து லட்சம் இடித்தாலும் எழுந்துபோக முடியாது. ஆனால் அந்தச் சமத்துவம் தீர்ப்பே இல்லாத சமத்துவம். எந்தப் பதிவும் எதைப் பற்றியது என்று நான் கேட்பதில்லை.

ராஸின் முழுமை வேறு. ஒவ்வொரு ஸொனாட்டாவுக்கும் ஒரு காலப்பிரமாணம் வேண்டும்; ஏட்டில் ஒற்றைச் சொல்தான் இருக்கும். எந்தத் தந்தி வரிசை, எங்கே மூச்சு விடுவது, திருப்பிச் சொல்லும்போது என்ன மாற்றுவது என்று எல்லாவற்றையும் முடிவு செய்தாகவேண்டும். ஆர்கனுக்கு உரியவை என்று தெரிந்த சிலவற்றை ஆர்கனில் வாசித்தார். ஒற்றைச் சுரவரிசையும் கீழே எண்கள் இட்ட மந்தர வரியுமாக வந்த சிலவற்றில் பிற வாத்தியக்காரர்களைச் சேர்த்துக்கொண்டார். ஆக, அவர் செய்தது தீர்ப்பைத் தவிர்த்ததல்ல. 555 முறை தீர்ப்புச் சொல்லியிருக்கிறார். பட்டியல் போடுகிறவன் இருபதுக்குத் தீர்ப்புச் சொல்லி, மீதிக்கு மௌனம் சாதிக்கிறான். அந்த மௌனமும் தீர்ப்பாகவே பிறகு வழங்கிவருகிறது. காரணம் மட்டும் எங்கும் எழுதப்பட்டிருப்பதில்லை.

பட்டியலுக்கு நான் விரோதியல்ல. குப்பை மலையாகக் குவிந்திருந்த காலத்தில் க.நா.சு. பட்டியல் போட்டது ஒரு தேவையான காரியம். அவர் பெரும்பாலானவற்றைப் படித்துவிட்டுப் போட்டார் என்பதும் முக்கியம். அடுத்தடுத்து வந்த பட்டியல்கள் முந்தைய பட்டியல்களிலிருந்து பிறந்தவை. ஒரு எழுத்தாளனின் பத்துக் கதைகள் என்று நம்மிடையே புழங்குவதை, அவனுடைய நூற்றுச் சொச்சம் கதைகளிலிருந்து மீண்டும் ஒருமுறை எடுத்துப் பார்த்தவர்கள் எத்தனை பேர்? எடுத்தால் அதே பத்து வரலாம். வந்தாலும் அவை வேறு பத்தாக இருக்கும். சாதாரணக் கதைகளை அறிந்தவனுக்குத்தான் நல்ல கதை எதை உதறிவிட்டு எழுந்தது என்று தெரியும்.

ராஸ் எய்ட்ஸ் நோயில் இறந்தார். அந்த நோய்க்கு மருந்து கைகூடாத ஆண்டுகள் அவை. கடைசி ஆண்டுகளில் பாக்கின் ஆறு பார்த்தீத்தாக்களையும் கோல்ட்பர்க் மாறுபாடுகளையும் பதிவு செய்திருந்தார். மரணத்தைப் பின்னணியில் வைத்து இந்த 34 தகடுகளையும் காலத்தோடு ஒரு பந்தயமாகக் கேட்கும் ஆசை எழுகிறது. எதிர்க்கவேண்டிய ஆசை. இந்த வாசிப்பில் அவசரமில்லை. விடைபெறும் தொனியும் இல்லை. அகாலமரணம் ஒரு கலைஞனை நேசிக்க மலிவான வழி. 38 என்ற எண் தமிழில் நமக்குப் பழக்கமானதுதான். பாரதியின் வயதைச் சொல்லிக் கண் கலங்கியவர்கள் கணக்கற்றவர்கள். அவர் எழுதியது அனைத்தையும் காலவரிசையில் அடுக்கிப் பார்க்க ஒரு சீனி. விசுவநாதன் தம் வாழ்நாளின் பெரும்பகுதியைக் கொடுக்க வேண்டியிருந்தது. படத்துக்கு மாலை போட்டபின் பக்கங்களைப் புரட்டத் தேவையில்லை என்ற நிம்மதி நமக்கு இருக்கிறது.

ராஸ் வாசித்த 555-இல் எனக்குப் பிடிக்காதவை கணிசமாக உண்டு. விரல் பயிற்சிக்கு மேல் எழாதவை உண்டு. எவை என்று கேட்டால் இப்போது சொல்ல முடியும், ஏன் என்றும் சொல்ல முடியும். ஒரு கலைஞனைப் பற்றி இவ்வளவு சொல்ல முடிவது எனக்கு அபூர்வமாகவே வாய்த்திருக்கிறது. அதற்கு வழி செய்தவர் ராஸ். தனக்குப் பிடித்ததை மட்டும் வாசித்து அவர் எனக்காகத் தீர்மானித்திருந்தால் அது கிடைத்திருக்காது.

கடைசி எண்ணான 555, மூன்று நிமிடமளவே வரும் சிறிய ஸொனாட்டா. ஏட்டில் அது இருக்கும் இடத்தால் கடைசியாயிற்று; முடித்துவைக்கும் எண்ணம் எதுவும் அதில் இல்லை. ராஸும் அதில் எதையும் ஏற்றவில்லை. 554-ஐ முடித்தது போலவே அதையும் முடிக்கிறார்.